அப்பாச்சியில் பிஹெச்பி மாட்யூல்: நிறுவும் முறையும் பழுது கண்டுபிடிக்கும் முறையும்

பிஹெச்பி ஃபைலை ப்ரௌசரில் திறந்தால் பக்கம் வராமல் உள்ளே எழுதிய நிரலே அப்படியே வந்து நிற்கிறது. அல்லது ஃபைல் டவுன்லோட் ஆகிறது. அல்லது வெறும் வெள்ளைப் பக்கம். இப்படி ஏதாவது நடந்தால் பலரும் உடனே செய்வது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுவது. பல நேரம் அதே பழுது மறுபடி வந்து நிற்கும். கூடவே, காரணத்தைக் காட்டிக்கொண்டிருந்த பழைய கான்ஃபிக் ஃபைல்களும் போய்விடும்.

பழுது எங்கே என்று கண்டுபிடிக்க, இந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருந்தால் போதும். அப்பாச்சி என்ற வெப் சர்வருக்குத் தானாக பிஹெச்பி மொழி தெரியாது. அது தொடங்கும்போது ஒரு மாட்யூல் ஃபைலை நினைவகத்தில் ஏற்றுகிறது. இது முதல் இணைப்பு. பிறகு .பிஹெச்பி என்று முடியும் ஃபைலை யாராவது கேட்டால், அதை அந்த மாட்யூலிடம் ஒப்படைக்கும்படி கான்ஃபிக்கில் ஒரு வரி சொல்லவேண்டும். அதை ஹேண்ட்லர் என்பார்கள், இது இரண்டாவது. கடைசியாக, மாட்யூல் தன் அமைப்புகளை ஓர் ஐஎன்ஐ ஃபைலிலிருந்து படிக்கிறது. எந்த ஐஎன்ஐ என்பதில்தான் பாதிப் பேர் தடுமாறுவார்கள். இந்த மூன்றில் எது அறுந்திருக்கிறது என்று தெரிந்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது.

கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் இங்கே உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். எண், புள்ளி, கோடு, அடிக்கோடு எல்லாம் இங்கே உள்ளபடியேதான். கான்ஃபிக் கட்டளைகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை அப்பாச்சி பார்ப்பதில்லை. மாட்யூல் பெயரிலும் ஃபைல் பெயரிலும் பார்க்கும்.

மாட்யூலா, எஃப்பிஎம்மா?

பிஹெச்பியை அப்பாச்சியோடு சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. மாட்_பிஹெச்பி என்பது அப்பாச்சியின் ஒவ்வொரு ப்ராசஸுக்குள்ளும் பிஹெச்பியை வைத்துவிடும். பிஹெச்பி-எஃப்பிஎம் தனி சர்வீஸாக ஓடும். அப்பாச்சி சாக்கெட் வழியாக அதனிடம் வேலையைக் கொடுக்கும்.

புதிதாக, பல தளங்களோடு, அதிகப் போக்குவரத்தோடு ஒரு சர்வர் அமைக்கிறீர்கள் என்றால் எஃப்பிஎம் பக்கம் போவதே நல்லது. காரணம் எம்பிஎம், அதாவது வரும் கோரிக்கைகளை அப்பாச்சி எப்படிப் பிரித்துக் கையாளும் என்பதை முடிவுசெய்யும் பகுதி. அப்பாச்சி 2.4-இல் இயல்பாக வரும் ஈவன்ட் எம்பிஎம் த்ரெட்களை (ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகளை) வைத்து ஓடுகிறது. லினக்ஸ் தொகுப்புகளில் வரும் பிஹெச்பி மாட்யூலோ த்ரெட் பாதுகாப்பு இல்லாமல் கட்டப்பட்டது. அதனால் மாட்யூலை வைத்தால் பழைய ப்ரீஃபோர்க் எம்பிஎம்முக்கு இறங்கவேண்டும். அங்கே ஒரு படத்தைக் கேட்டு வரும் கோரிக்கைக்குக்கூட பிஹெச்பியைச் சுமந்த முழு ப்ராசஸ் ஒன்று செலவாகும். ஹெச்டிடிபி/2-உம் கிடைக்காது: 2.4.27 முதல் ப்ரீஃபோர்க்கோடு மாட்_ஹெச்டிடிபி2 வேலை செய்வதில்லை. லாக்கில் ஏஹெச்10034 என்ற எண்ணோடு அதைச் சொல்லிவிடும்.

ஆனால் ஒரே தளம், குறைந்த போக்குவரத்து, .ஹெச்டிஆக்சஸ் ஃபைலில் (தளத்தின் ஃபோல்டரிலேயே வைக்கும் அப்பாச்சி கான்ஃபிக்) பிஹெச்பி அமைப்பை மாற்றும் பிஹெச்பி_வேல்யூ வரிகளை நம்பி எழுதிய பழைய நிரல் என்றால் மாட்யூல் எளிது. ஒரே சர்வீஸ், ஒரே எர்ரர் லாக். இந்த வழிகாட்டி அதைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

டெபியன், உபுண்டுவில் நிறுவுதல்

டெபியன் 12-இல் பிஹெச்பி 8.2, உபுண்டு 22.04-இல் 8.1, உபுண்டு 24.04-இல் 8.3 வருகிறது. கீழே 8.2 என்று எழுதிய இடங்களில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் "சூடோ ஏபிடி அப்டேட்". அடுத்து "சூடோ ஏபிடி இன்ஸ்டால் அப்பாச்சி2 லிப்அப்பாச்சி2-மாட்-பிஹெச்பி". தரவுத்தளம் தேவைப்படும் தளம் என்றால் அதே வரியில் பிஹெச்பி-மைஎஸ்க்யூஎல் சேருங்கள். பெரும்பாலான தளங்களுக்கு பிஹெச்பி-எம்பிஸ்ட்ரிங், பிஹெச்பி-எக்ஸ்எம்எல், பிஹெச்பி-கர்ல் ஆகியவையும் வேண்டியிருக்கும். இப்போதே போட்டுவிட்டால் பிறகு "அன்டிஃபைன்ட் ஃபங்ஷன்" என்று தேடி அலைய வேண்டாம்.

பிஹெச்பி-சிஎல்ஐ தொகுப்பை மட்டும் நிறுவிவிட்டு நிறுத்துபவர்கள் நிறைய. டெர்மினலில் "பிஹெச்பி -வி" என்றால் வெர்ஷன் அழகாக வரும். ப்ரௌசரில் மட்டும் நிரல் வழியும். டெர்மினலில் ஓடுவது தனி ப்ரோக்ராம். அதற்கும் அப்பாச்சிக்குள் ஏறும் மாட்யூலுக்கும் தொடர்பில்லை. "பிஹெச்பி -வி" சொல்லும் பதிலை அப்பாச்சியைப் பற்றிய சாட்சியாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தொகுப்பு நிறுவப்படும்போதே எம்பிஎம்மை ப்ரீஃபோர்க்குக்கு மாற்றி, மாட்யூலையும் இயக்கிவைக்க முயலும். நீங்கள் முன்பே கான்ஃபிக்கில் கைவைத்திருந்தால் அது நடக்காமல் போகலாம். அப்போது கையால் செய்யவேண்டிய வரிசை இது:

"சூடோ ஏ2டிஸ்மாட் எம்பிஎம்_ஈவன்ட்"
"சூடோ ஏ2என்மாட் எம்பிஎம்_ப்ரீஃபோர்க்"
"சூடோ ஏ2என்மாட் பிஹெச்பி8.2"
"சூடோ அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்"
"சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் அப்பாச்சி2"

வரிசை மாறக்கூடாது. ஈவன்ட் இயங்கிக்கொண்டிருக்கும்போது ப்ரீஃபோர்க்கை இயக்கச் சொன்னால், முரண்பாடு என்று சொல்லி ஏ2என்மாட் மறுத்துவிடும். எம்பிஎம்மை மாற்றிய பிறகு ரீலோட் போதாது, ரீஸ்டார்ட்தான். கான்ஃபிக்டெஸ்ட் "சின்டாக்ஸ் ஓகே" என்று சொல்லாதவரை ரீஸ்டார்ட் பக்கமே போகாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்தியபின் கான்ஃபிக் தவறு தெரியவந்தால் தளம் கீழேயே கிடக்கும்.

/இடிசி/அப்பாச்சி2/மாட்ஸ்-எனேபிள்ட் ஃபோல்டரில் இப்போது பிஹெச்பி8.2.லோட், பிஹெச்பி8.2.கான்ஃப் என்ற இரண்டு இணைப்புகள் இருக்கவேண்டும். முதலாவதைத் திறந்தால் லோட்மாட்யூல் வரி தெரியும்: மாட்யூல் பெயர் பிஹெச்பி_மாட்யூல், ஃபைல் /யூஎஸ்ஆர்/லிப்/அப்பாச்சி2/மாட்யூல்ஸ்/லிப்பிஹெச்பி8.2.எஸ்ஓ. இரண்டாவதில் ஃபைல்ஸ்மேட்ச் என்ற பகுதிக்குள் செட்ஹேண்ட்லர் வரி இருக்கும். முதல் இணைப்பு ஒரு ஃபைலில், இரண்டாவது இணைப்பு மறு ஃபைலில். இரண்டையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவைத்தால் பின்னால் தேடும் நேரம் மிச்சம்.

ரெட் ஹேட் குடும்பம்

ஆர்ஹெச்இஎல் (ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ்) 8-இலேயே அப்பாச்சி ஈவன்ட் எம்பிஎம்மோடும் பிஹெச்பி எஃப்பிஎம்மோடும் வருகிறது. ஆர்ஹெச்இஎல் 9-இல் மாட்_பிஹெச்பி நீக்கப்பட்டுவிட்டது. எனவே அங்கே மாட்யூலைத் தேடி நேரத்தைக் கரைக்க வேண்டாம். "டிஎன்எஃப் இன்ஸ்டால் ஹெச்டிடிபிடி பிஹெச்பி பிஹெச்பி-எஃப்பிஎம்" என்று நிறுவி, ஹெச்டிடிபிடி (அங்கே அப்பாச்சியின் பெயர்), பிஹெச்பி-எஃப்பிஎம் இரண்டு சர்வீஸ்களையும் தொடங்குங்கள். கோரிக்கையை சாக்கெட்டுக்கு அனுப்பும் வரிகள் /இடிசி/ஹெச்டிடிபிடி/கான்ஃப்.டி/பிஹெச்பி.கான்ஃப் ஃபைலில் தயாராக இருக்கும்.

விண்டோஸில்

இங்கே அப்பாச்சி த்ரெட்களோடுதான் ஓடும். ஆகவே பிஹெச்பியின் த்ரெட் சேஃப் ஜிப்பையே எடுக்கவேண்டும். நான் த்ரெட் சேஃப் ஜிப்பில் பிஹெச்பி8அப்பாச்சி2_4.டிஎல்எல் இருக்கவே இருக்காது. "மாட்யூல் ஃபைலைக் காணோம்" என்று தேடுபவர்கள் முதலில் பார்க்கவேண்டியது எந்த ஜிப்பை இறக்கினோம் என்பதைத்தான். 64 பிட் அப்பாச்சிக்கு 64 பிட் பிஹெச்பி. கலந்தால் "செல்லுபடியான வின்32 அப்ளிகேஷன் இல்லை" என்ற பொருளில் எர்ரர் வரும்.

ஜிப்பை சி:/பிஹெச்பி என்ற ஃபோல்டரில் விரியுங்கள். பிஹெச்பி.ஐஎன்ஐ-டெவலப்மென்ட் ஃபைலைப் பிரதியெடுத்து பிஹெச்பி.ஐஎன்ஐ என்று பெயர் மாற்றுங்கள். ஹெச்டிடிபிடி.கான்ஃப் ஃபைலின் கடைசியில் மூன்று செய்திகள் வேண்டும்: லோட்மாட்யூல் வரியில் பிஹெச்பி_மாட்யூல் என்ற பெயரும் டிஎல்எல்லின் முழுப் பாதையும், பிஹெச்பிஐஎன்ஐடிர் வரியில் "சி:/பிஹெச்பி", அதன்கீழ் .பிஹெச்பி ஃபைல்களுக்கான ஃபைல்ஸ்மேட்ச், செட்ஹேண்ட்லர். பாதைகளில் முன்சாய்வுக் கோட்டையே போடுங்கள்.

கர்ல், இன்டிஎல் எக்ஸ்டென்ஷன்கள் (பிஹெச்பிக்குக் கூடுதல் வசதி தரும் துணைப் பகுதிகள்) மட்டும் ஏறாமல் அடம்பிடிக்கும். அவை சார்ந்திருக்கும் வேறு டிஎல்எல்கள் சி:/பிஹெச்பி ஃபோல்டரில் கிடந்தாலும் அப்பாச்சி அங்கே தேடுவதில்லை. அந்த ஃபோல்டரை சிஸ்டத்தின் பாத் மாறியில் சேர்த்துவிட்டு கணினியையே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். "விசிரன்டைம்140 ஒத்துப்போகவில்லை" என்று வந்தால் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளின் புதிய வெர்ஷனை நிறுவினால் தீரும்.

மூல நிரலிலிருந்து கட்டுவது

தொகுப்பில் இல்லாத வெர்ஷனோ சிறப்பு அமைப்போ தேவைப்பட்டால் மட்டும். அப்பாச்சி2-டெவ் தொகுப்பை நிறுவினால் ஏபிஎக்ஸ்எஸ் கருவி கிடைக்கும். "./கான்ஃபிகர் --வித்-ஏபிஎக்ஸ்எஸ்2=/யூஎஸ்ஆர்/பின்/ஏபிஎக்ஸ்எஸ்", பிறகு "மேக்", பிறகு "சூடோ மேக் இன்ஸ்டால்". த்ரெட் எம்பிஎம்மோடு ஓட்டவேண்டும் என்றால் பிஹெச்பி 8-இல் "--எனேபிள்-இசட்டிஎஸ்" சேர்க்கவேண்டும். அப்படிச் செய்தால் எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் அதே வகையில் கட்டவேண்டியிருக்கும். ஒன்றைக்கூட வெளியிலிருந்து எடுத்து ஒட்ட முடியாது. மூல நிரலில் கட்டினால் ஐஎன்ஐ ஃபைல் தானாக வராது. பிஹெச்பி.ஐஎன்ஐ-ப்ரொடக்ஷன் ஃபைலை நீங்கள்தான் உரிய இடத்தில் வைக்கவேண்டும்.

சரிபார்த்தல்

/வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/ஹெச்டிஎம்எல் ஃபோல்டரில் டெஸ்ட்.பிஹெச்பி என்று ஒரு ஃபைல். உள்ளே ஒரே வரி:

<?பிஹெச்பி பிஹெச்பிஇன்ஃபோ();

ப்ரௌசரை விட, டெர்மினலிலிருந்தே பக்கத்தைக் கேட்கும் "கர்ல் -ஐ லோக்கல்ஹோஸ்ட்/டெஸ்ட்.பிஹெச்பி" நம்பகமானது. ப்ரௌசர் பழைய பக்கத்தை கேஷிலிருந்து காட்டி ஏமாற்றும், கர்ல் காட்டாது. பதிலில் ஹெச்டிஎம்எல் வந்தால் மாட்யூலும் ஹேண்ட்லரும் சரி. அந்தப் பக்கத்தில் இரண்டு வரிகளைக் குறித்துவையுங்கள்: சர்வர் ஏபிஐ என்ற இடத்தில் "அப்பாச்சி 2.0 ஹேண்ட்லர்" என்று இருந்தால் மாட்யூல், "எஃப்பிஎம்/ஃபாஸ்ட்சிஜிஐ" என்றால் எஃப்பிஎம். லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல் என்ற இடத்தில் உண்மையில் படிக்கப்படும் ஐஎன்ஐயின் பாதை. பார்த்து முடித்ததும் ஃபைலை அழித்துவிடுங்கள். சர்வரின் உள்விவரம் முழுவதையும் அது ஊருக்கே காட்டும்.

நிரல் அப்படியே தெரிகிறது, அல்லது டவுன்லோட் ஆகிறது

இது அவசரப் பழுது. தரவுத்தள பாஸ்வேர்டு உள்ள ஃபைலையும் இதேபோல் யாரும் படிக்கலாம். தளம் பொதுவெளியில் இருந்தால் முதலில் அப்பாச்சியை நிறுத்துங்கள், பிறகு தேடுங்கள். பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

"அப்பாச்சிசிடிஎல் -எம்" என்று தட்டுங்கள். இந்த எம் மட்டும் பெரிய எழுத்து. ஏற்றப்பட்ட மாட்யூல்களின் பட்டியலில் பிஹெச்பி_மாட்யூல் இல்லை என்றால் முதல் இணைப்பு அறுந்திருக்கிறது: ஏ2என்மாட் செய்யவில்லை, அல்லது லோட்மாட்யூல் வரி இல்லை. பட்டியலில் இருந்தும் நிரல் தெரிகிறது என்றால் இரண்டாவது இணைப்பு: செட்ஹேண்ட்லர் வரி இல்லை, அல்லது வேறொரு கான்ஃபிக்கில் யாரோ பிஹெச்பி இன்ஜினை அணைத்திருக்கிறார்கள். பயனர் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் பப்ளிக்_ஹெச்டிஎம்எல்லில் டெபியன் இயல்பாகவே அணைத்துவைத்திருக்கும். பிஹெச்பி8.2.கான்ஃப் ஃபைலின் கடைசிப் பகுதியில் அதைப் பார்க்கலாம்.

கர்ல் காட்டும் கன்டென்ட்-டைப் வரியில் "அப்ளிகேஷன்/எக்ஸ்-ஹெச்டிடிபிடி-பிஹெச்பி" என்று இருந்தால் இன்னும் தெளிவு: வகை ஒட்டப்பட்டிருக்கிறது, எடுத்துக்கொள்ள மாட்யூல்தான் இல்லை. ப்ரௌசர் அதை டவுன்லோட் செய்வது அதனால்தான்.

சில பக்கங்கள் மட்டும் நிரலாகத் தெரிந்து மற்றவை ஓடினால் சர்வரைத் தொடாதீர்கள். அந்த ஃபைல்கள் "<?பிஹெச்பி" என்று தொடங்காமல் வெறும் "<?" என்று தொடங்கும் பழைய நிரலாக இருக்கும். ஷார்ட்_ஓபன்_டேக் அமைப்பை இயக்கலாம். நிரலைத் திருத்துவதே நிலையான தீர்வு. தளத்தின் முகப்பில் மட்டும் அப்பாச்சியின் இயல்புப் பக்கம் வந்தால், டைரக்டரிஇன்டெக்ஸ் வரிசையில் இன்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல் முன்னால் நிற்கிறது. அந்த ஃபைலை நீக்கினால் போதும்.

ஹேண்ட்லர் வரியை எழுதும் விதத்தில் ஒரு பாதுகாப்புச் சிக்கல் இருக்கிறது. பழைய கட்டுரைகளில் ஆட்ஹேண்ட்லர் என்ற கட்டளையால் .பிஹெச்பியைச் சேர்க்கச் சொல்வார்கள். அது ஃபைல் பெயரில் எந்த இடத்தில் .பிஹெச்பி வந்தாலும் பிடித்துக்கொள்ளும். யாராவது ஃபோட்டோ.பிஹெச்பி.ஜேபிஜி என்ற பெயரில் "படம்" பதிவேற்றினால், பெயர் .ஜேபிஜி என்று முடிவதால் உங்கள் பதிவேற்றச் சோதனை விட்டுவிடலாம். அப்பாச்சி அதை நிரலாக ஓட்டும். ஃபைல்ஸ்மேட்ச்சில் "\.பிஹெச்பி$" என்று, கடைசியில் டாலர் குறியோடு எழுதினால் அந்த வழி அடைபடும். கூடவே பதிவேற்ற ஃபோல்டருக்கு, அந்தத் தளத்துக்கான கான்ஃபிக் பகுதியான விர்ச்சுவல்ஹோஸ்ட்டில் "பிஹெச்பி_அட்மின்_ஃப்ளாக் இன்ஜின் ஆஃப்" போடுங்கள். தேவையா என்று யோசிக்கவேண்டிய வரி அல்ல அது.

அப்பாச்சி எழுந்திருக்கவே இல்லை

லாக்கைத் திறவுங்கள். டெபியனில் /வார்/லாக்/அப்பாச்சி2/எர்ரர்.லாக், ரெட் ஹேட்டில் /வார்/லாக்/ஹெச்டிடிபிடி/எர்ரர்_லாக். அங்கே ஒன்றும் இல்லை என்றால் "ஜர்னல்சிடிஎல் -யு அப்பாச்சி2". லாக் திறப்பதற்கு முன்பே விழுந்த எர்ரர்கள் அங்கேதான் கிடக்கும்.

ஏஹெச்00013 எண்ணோடு, த்ரெட் எம்பிஎம் ஓடுகிறது, உங்கள் பிஹெச்பி த்ரெட் சேஃப் இல்லை என்று வந்தால், மேலே சொன்ன எம்பிஎம் மாற்றம் நடக்கவில்லை. செய்தி "பிஹெச்பியை மறுபடி கம்பைல் செய்" என்று சொல்லும். செய்யவேண்டாம், ப்ரீஃபோர்க்குக்கு மாறினால் போதும். ஏஹெச்00534 என்றால் எம்பிஎம் ஒன்றுமே ஏறவில்லை, அல்லது ஒன்றுக்கு மேல் ஏறியிருக்கிறது. செய்தியிலேயே எது என்று இருக்கும்.

"பிஹெச்பி7_மாட்யூல் என்ற ஏபிஐ அமைப்பைக் காணவில்லை" என்ற எர்ரர் 7-லிருந்து 8-க்கு வரும்போது தவறாமல் வரும். 7-இல் மாட்யூலின் பெயர் பிஹெச்பி7_மாட்யூல். 8-இல் எண் எடுக்கப்பட்டு வெறும் பிஹெச்பி_மாட்யூல். லோட்மாட்யூல் வரியில் ஓர் எண்ணை அழிப்பதே தீர்வு. இதே பெயர்மாற்றம் .ஹெச்டிஆக்சஸில் சத்தமில்லாமல் கடிக்கும்: "இஃப்மாட்யூல் மாட்_பிஹெச்பி7.சி" என்ற பகுதிக்குள் எழுதிய வரிகளெல்லாம் 8-இல் எந்த எர்ரரும் காட்டாமல் கைவிடப்படும். இப்போது அதன் பெயர் மாட்_பிஹெச்பி.சி.

ஃபைலையே திறக்கமுடியவில்லை என்றால் பாதை சரியா பாருங்கள். பாதை சரி, ஆனாலும் ஏறவில்லை என்றால் "எல்டிடி" கட்டளைக்குப் பின் அந்த .எஸ்ஓ ஃபைலின் பாதையைக் கொடுங்கள். "நாட் ஃபவுண்ட்" என்று முடியும் வரிதான் இல்லாமல் போன லைப்ரரி. ஏஹெச்00072, முகவரியோடு பிணைக்க முடியவில்லை என்பது பிஹெச்பி பிரச்சினையே அல்ல. 80-ஆம் போர்ட்டை வேறொரு சர்வர் பிடித்திருக்கிறது. "சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி" யார் என்று காட்டும்.

வெள்ளைப் பக்கமும் 500 எர்ரரும்

மாட்யூல் ஓடுகிறது, நிரல் பாதியில் செத்துவிட்டது. டிஸ்ப்ளே_எர்ரர்ஸ் அணைந்திருப்பதால் திரையில் ஒன்றுமில்லை. பொதுத் தளத்தில் அது அணைந்தே இருக்கட்டும், லாக்_எர்ரர்ஸ் இயங்கட்டும். "டெயில் -எஃப்" வைத்து எர்ரர் லாக்கைத் திறந்துகொண்டே பக்கத்தை ஒருமுறை அழைத்தால் காரணம் அங்கே வந்து விழும்.

"134217728 பைட்டுகள் தீர்ந்தன" என்றால் இயல்பு மெமரி_லிமிட்டான 128 எம்பி போதவில்லை. "பிஹெச்பி_வேல்யூ என்பது தவறான கட்டளை" என்றால், மாட்யூல் இல்லாத சர்வரில் .ஹெச்டிஆக்சஸ் அந்த வரியை வைத்திருக்கிறது. எஃப்பிஎம்முக்கு மாறியவுடன் தளம் முழுக்க 500 வருவதற்கு இதுதான் வழக்கமான காரணம். மாட்யூல் இருந்தும் .ஹெச்டிஆக்சஸ் வரி வேலை செய்யவில்லை என்றால், அந்த ஃபைலுக்கு எவ்வளவு அனுமதி என்று சொல்லும் அலவ்ஓவர்ரைட் வரியைப் பாருங்கள். குறைந்தது ஆப்ஷன்ஸ் அனுமதி வேண்டும். "நன்" என்றிருந்தால் அப்பாச்சி அந்த ஃபைலைத் திறந்தே பார்க்காது. பிஹெச்பி_அட்மின்_வேல்யூவோ .ஹெச்டிஆக்சஸில் எப்போதுமே செல்லாது.

லாக்கில் "சைல்டு ... செக்மென்டேஷன் ஃபால்ட் 11" வந்தால் பழி பெரும்பாலும் ஓர் எக்ஸ்டென்ஷன் மேல். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக இயக்குங்கள்.

ஐஎன்ஐயை மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை

மூன்றாவது இணைப்பு. டெபியனில் /இடிசி/பிஹெச்பி/8.2 ஃபோல்டருக்குள் சிஎல்ஐ, அப்பாச்சி2 என்று தனித்தனி ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிஹெச்பி.ஐஎன்ஐ. "பிஹெச்பி --ஐஎன்ஐ" கட்டளை காட்டுவது சிஎல்ஐயின் ஃபைலை. அதைத் திருத்தினால் அப்பாச்சிக்குத் தெரியாது. பிஹெச்பிஇன்ஃபோ பக்கம் காட்டும் பாதையையே நம்புங்கள்; திருத்திய பின் அப்பாச்சியை ரீலோட் செய்யுங்கள். அதே இடத்திலுள்ள கான்ஃப்.டி ஃபோல்டரின் ஃபைல்கள் பிறகு படிக்கப்படுவதால், அங்கே அதே அமைப்பு இருந்தால் அதுதான் ஜெயிக்கும். தளத்தின் ஃபோல்டரில் .யூசர்.ஐஎன்ஐ வைத்திருக்கிறீர்களா? மாட்யூல் அதைப் படிக்காது. எஃப்பிஎம்மும் சிஜிஐயும்தான் படிக்கும்.

மதிப்பை எழுதும் முறையிலும் ஒரு பொறி: 20எம் என்று எழுதவேண்டிய இடத்தில் 20எம்பி என்று எழுதினால், கடைசி எழுத்து புரியாமல் அதை வெறும் 20 பைட்டுகளாக எடுத்துக்கொள்ளும். 8.2 முதல் லாக்கில் எச்சரிக்கை வரும். அதற்கு முன் அதுகூட இல்லை.

பெரிய ஃபைல் பதிவேறவில்லை என்றால் மூன்று வாசல்களையும் பாருங்கள். அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் இயல்பாக 2 எம்பி. போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் 8 எம்பி. இது முன்னதை விடப் பெரிதாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் போஸ்ட் தரவு முழுக்கக் காலியாக வந்து நிரலை எழுதியவரைக் குழப்பும். மூன்றாவது அப்பாச்சியின் லிமிட்ரிக்வெஸ்ட்பாடி. 2.4.53 வரை அதற்கு வரம்பில்லை; 2.4.54 முதல் இயல்பு 1 ஜிபி.

எக்ஸ்டென்ஷன் ஏறவில்லை

"மாட்யூல் ஏபிஐ=20210902, பிஹெச்பி ஏபிஐ=20220829, இரண்டும் பொருந்தவேண்டும்" என்பதுபோல் வரும் செய்தியில் எண்களே விடை. 20210902 என்பது 8.1, 20220829 என்பது 8.2, 20230831 என்பது 8.3. இந்த உதாரணத்தில் 8.1-க்குக் கட்டிய எக்ஸ்டென்ஷனை 8.2-இல் ஏற்றப் பார்க்கிறீர்கள். உங்கள் வெர்ஷனுக்கான தொகுப்பை நிறுவுங்கள். பெக்கல் (பிஹெச்பி எக்ஸ்டென்ஷன் களஞ்சியம்) வழியாகப் போட்டது என்றால் மறுபடி கட்டுங்கள்.

மைஎஸ்க்யூஎல்ஐ ஏறாமல் "மைஎஸ்க்யூஎல்என்டி" என்று தொடங்கும் குறியீடு காணவில்லை என்று வந்தால் வரிசைப் பிழை. கான்ஃப்.டியில் ஃபைல் பெயர்கள் 10, 20 என்று எண்ணோடு தொடங்குவது அதற்காகத்தான்: 10-மைஎஸ்க்யூஎல்என்டி முதலில், 20-மைஎஸ்க்யூஎல்ஐ பிறகு. கையால் பிஹெச்பி.ஐஎன்ஐக்குள் எக்ஸ்டென்ஷன் வரி எழுதினால் இந்த வரிசை உடையும். "பிஹெச்பிஎன்மாட்" கட்டளையை வைத்தே இயக்குங்கள்.

பெர்மிஷன்

ப்ராசஸ் டெபியனில் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனராக ஓடும், ரெட் ஹேட்டில் அப்பாச்சி என்ற பயனராக. ஏஹெச்00035 வந்தால் ஃபைலின் அனுமதியை அல்ல, அதற்கு மேலுள்ள ஏதோ ஒரு ஃபோல்டரின் நுழைவு அனுமதியைப் பாருங்கள். "நேம்ஐ -எல்" கட்டளைக்கு முழுப் பாதையைக் கொடுத்தால் ஒவ்வொரு படியும் வரிசையாகத் தெரியும். ஏஹெச்01630 வந்தால் அது ஃபைல் அனுமதியே அல்ல. கான்ஃபிக்கில் "ரிக்வயர் ஆல் கிரான்டட்" இல்லை. எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போடுவது இரண்டுக்கும் பதில் அல்ல. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஃபோல்டரில் நிரலும் ஓடும் என்ற நிலையைத்தான் அது உண்டாக்கும்.

ரெட் ஹேட்டில் அனுமதியெல்லாம் சரியாக இருந்தும் எழுத முடியவில்லை என்றால் காரணம் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு. எழுதவேண்டிய ஃபோல்டருக்கு "ஹெச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கன்டென்ட்_டி" வகையை செமேனேஜ் மூலம் கொடுத்து "ரீஸ்டோர்கான்" ஓட்டுங்கள். வேறு கணினியிலுள்ள தரவுத்தளத்தோடு பேச "ஹெச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்_டிபி" பூலியனை (ஆன்/ஆஃப் அமைப்பை) இயக்குங்கள். எஸ்இலினக்ஸையே அணைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

நிரல் /டிஎம்பி ஃபோல்டரில் எழுதிய ஃபைல் டெர்மினலில் தேடினால் கிடைக்கவில்லையா? சிஸ்டம்டியின் ப்ரைவேட்டிஎம்பி அமைப்பு அப்பாச்சிக்குத் தனியாக ஒரு /டிஎம்பி கொடுத்திருக்கிறது. ஃபைல் பத்திரமாக அங்கே இருக்கும்.

நினைவகக் கணக்கு

ப்ரீஃபோர்க்கில் இதைச் செய்யாமல் விட்டால் போக்குவரத்து கூடும் நாளில் சர்வர் ஸ்வாப்பில் (நினைவகம் போதாமல் டிஸ்க்கைப் பயன்படுத்தும் நிலையில்) மூழ்கும். ஓர் அப்பாச்சி ப்ராசஸ் எடுக்கும் நினைவகத்தை "பிஎஸ்" கட்டளையின் ஆர்எஸ்எஸ் பத்தியில் பாருங்கள். 60 எம்பி என்று வைத்துக்கொள்வோம். 4 ஜிபி கணினியில் தரவுத்தளத்துக்கும் மற்றதற்கும் 1 ஜிபி விட்டால் மீதி 3072 எம்பி. 60-ஆல் வகுத்தால் 51. ஒரே நேரத்தில் ஓடக்கூடிய ப்ராசஸ்களின் வரம்பான மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸை 50 என்று வையுங்கள். டெபியன் தரும் 150-ஐ அப்படியே விட்டால் 9000 எம்பி வரை கேட்கும். கம்பைல் செய்த நிரலைச் சேமித்துவைக்கும் ஓபிகேஷின் பகிர்ந்த நினைவகமும் ஆர்எஸ்எஸ்ஸில் சேர்ந்துவிடுவதால் இந்தக் கணக்கு சற்று அதிகமாகவே காட்டும். பாதுகாப்பான பக்கம் சாய்வதால் அது நல்லதே. லாக்கில் ஏஹெச்00161 வந்து "மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸை உயர்த்து" என்று சொன்னால் உடனே உயர்த்தாதீர்கள். நினைவகம் இடம் தருகிறதா என்று இதே கணக்கைப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். பெரும்பாலும் மெதுவாக ஓடும் ஒரு க்வெரிதான் ப்ராசஸ்களைப் பிடித்துவைத்திருக்கும்.

எஃப்பிஎம்முக்கு மாறும்போது

பிஹெச்பி8.2-எஃப்பிஎம் நிறுவுங்கள். ஏ2டிஸ்மாட் கொண்டு பிஹெச்பி8.2-ஐயும் எம்பிஎம்_ப்ரீஃபோர்க்கையும் அணைத்து, எம்பிஎம்_ஈவன்ட், ப்ராக்ஸி_எஃப்சிஜிஐ, செட்என்விஃப் மூன்றையும் இயக்கி, "ஏ2என்கான்ஃப் பிஹெச்பி8.2-எஃப்பிஎம்" கொடுத்து ரீஸ்டார்ட். அதற்கு முன் .ஹெச்டிஆக்சஸ் ஃபைல்களில் பிஹெச்பி_வேல்யூ, பிஹெச்பி_ஃப்ளாக் வரிகளைத் தேடி .யூசர்.ஐஎன்ஐக்கு மாற்றிவிடுங்கள். அந்த ஃபைலை எஃப்பிஎம் 300 வினாடிகளுக்கு ஒருமுறைதான் மறுபடி படிக்கும். உடனே மாறவில்லை என்று பதறவேண்டாம்.

503 வந்து லாக்கில் ஏஹெச்01079 இருந்தால் எஃப்பிஎம் சர்வீஸ் ஓடவில்லை, அல்லது சாக்கெட் பாதை தவறு. "பெர்மிஷன் டினைட்" என்றால் எஃப்பிஎம்மின் பூல் (ப்ராசஸ் குழு) கான்ஃபிக் ஃபைலில் லிசன்.ஓனர், லிசன்.குரூப் இரண்டும் அப்பாச்சியின் பயனராக இருக்கிறதா பாருங்கள். "ப்ரைமரி ஸ்கிரிப்ட் அன்னோன்" என்றால் கேட்கப்பட்ட ஃபைல் எஃப்பிஎம்முக்குக் கிடைக்கவில்லை: பாதை தவறு, அல்லது அதன் பயனருக்குப் படிக்க அனுமதி இல்லை. டெபியனின் பூலில் ப்ராசஸ் வரம்பான பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன் வெறும் 5. மேலே போட்ட நினைவகக் கணக்கை இங்கேயும் போட்டு உயர்த்துங்கள். டோக்கன் வைத்து உள்நுழையும் ஏபிஐக்கள் மாட்யூலில் ஓடி இங்கே 401 கொடுத்தால், ஆத்தரைசேஷன் ஹெடர் எஃப்பிஎம்முக்குப் போய்ச் சேரவில்லை. விர்ச்சுவல்ஹோஸ்ட்டின் டைரக்டரி பகுதியில் "சிஜிஐபாஸ்ஆத் ஆன்" போட்டால் போகும். இதற்கு அப்பாச்சி 2.4.13 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.